குழாய் வைத்த பிள்ளை



தலையில் நீர் தேங்கிய குழந்தைக்கு அறுவை செய்து குழாய் வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். குழாய் வைத்த பிறகும் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

மூளைக்குள் ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்குவதே இந்நோய். அமெரிக்காவில் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த ஜோன் ஹோல்ட்டர் என்பவர், இந்நோய் கண்ட தம் மகனை எண்ணி 1956-இல் ஒரு வால்வை உருவாக்கினார். நம்மைப் போல் உழைத்துப் பிழைத்த ஒரு தகப்பனின் கைவண்ணம் அது! இன்று பெரும்பாலும், வால்வோடு கூடிய குழாய் தோலுக்கடியில் காதின் பின்புறமாக இறங்கி வயிற்றில் முடிகிறது. மருத்துவர்கள் இதை 'ஷண்ட்' என்பார்கள்.

குழாய் அடைத்துக்கொள்வதும் கிருமி தொற்றுவதும் அடிக்கடி வரும் தொல்லைகள். வாந்தி, தலைவலி, ஓயாத தூக்கம், காய்ச்சல், வலிப்பு, கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அபூர்வமான தொல்லைகளும் உண்டு. குழாயின் நுனியில் நீர்க்கட்டி உண்டாகி வயிறு உப்பலாம். ஆண் குழந்தைக்கு விதைப்பை வீங்கலாம். மிக அரிதாக, நுனி குடலைத் துளைத்து ஆசனவாயில் எட்டிப் பார்க்கும். அதைப் பூச்சி என்று நினைத்து இழுத்துவிடாதீர்கள்! உள்ளே தள்ளவும் கூடாது, வெட்டவும் கூடாது. பேதி மருந்தும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, நேரே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வயிற்று வலி இல்லாமல் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் அலட்சியம் வேண்டாம். குடலிலுள்ள கிருமி குழாய் வழியே மூளைக்கு ஏறிவிடும்.

என் வகுப்பிலும் அப்படி ஒரு பையன் படிக்கிறான். வாய்ப்பாடு ஒப்பிப்பதில் அவன்தான் முதல் ஆள். "யாருக்கும் தெரிய வேண்டாம் டீச்சர், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்" என்றார் அவன் தாயார். அவர் மனம் எனக்குப் புரிகிறது. "ஊருக்குத் தெரிய வேண்டாம் அம்மா. ஆனால் நீங்கள் வேலைக்குப் போனபின் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் எனக்கும் தெரிய வேண்டும்" என்றேன். நல்ல வேளையாக ஒப்புக்கொண்டார்.

நீங்களும் ஓர் அட்டையில் எழுதி வையுங்கள்: குழாய் வைத்த தேதி, மருத்துவமனையின் பெயர், தலையில் எந்தப் பக்கம். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், வேறு நோய்க்காகப் போனாலும், முதலில் அந்த அட்டையைக் காட்டுங்கள். ஒளித்து வைக்க இது குற்றமல்ல, பிள்ளையின் உயிர்.