சேப்பாக்கத்தில் எழுந்த கைதட்டல்

புறநானூற்றின் 85ஆம் பாடலை வகுப்பில் நடத்திய ஒவ்வோர் ஆண்டும் என் குரல் சற்றே தாழ்ந்ததுண்டு. நக்கண்ணையார் பாடியது அது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போர் புரிகிறான். அவ்வூர் அவனுக்குச் சொந்த ஊர் அன்று. அந்நாடும் அவனது நாடு அன்று. ஆதலின் காண்போர் இரு கூறாகின்றனர். ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்கின்றனர். மறு சாரார் இல்லை என்கின்றனர். ஆடுபவன் எந்த நாட்டான் என்று பார்ப்பது அத்துணைப் பழைய வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் ஆடுபவனை விட்டுவிட்டு, காண்பவனை நோக்கி "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்கும்போதுதான் நெஞ்சு புண்படுகிறது.

அக்கேள்வியை நான் முதன்முதலில் எதிர்கொண்ட நாள் 1986 ஏப்ரல் 18. அன்று சார்ஜாவில் ஆஸ்திரலேசியக் கோப்பை இறுதியாட்டம். கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நான்கு ஓட்டங்கள் தேவை; சேத்தன் சர்மா வீசிய பந்தை ஜாவேத் மியான்தாத் ஆறு ஓட்டங்களுக்கு அடித்தார். செய்தி கேட்டுத் தேநீர்க் கடையில் வாடி நின்றேன். அப்போது நான் கல்லூரி மாணவன். பழகிய ஒருவர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கென்ன தம்பி, இன்று கொண்டாட்டம்தானே!" என்றார். அவர் தீயவர் அல்லர், வேடிக்கையாகவே சொன்னார். ஆயினும் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. தோல்வி தந்த துயரம் ஒன்று; அத்துயரத்தில் எனக்குப் பங்கில்லை என்று ஒதுக்கப்பட்ட துயரம் மற்றொன்று.

வீட்டிற்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தமிழகத்துப் பாஸ்கரன் தலைமையில் ஹாக்கித் தங்கம் வென்ற அணியையும், அதில் ஆடிய முகமது ஷாகிதையும் கேட்போர் சலிக்கும்வரை புகழ்ந்தவர் அவர். 1983 உலகக் கோப்பை வெற்றியின்போது கபில்தேவையும் சையத் கிர்மானியையும் ஒரே மூச்சில் வாழ்த்தியவர். அவர் அமைதியாகச் சொன்னார்: "பெற்ற தாயிடம் உனக்கு அன்பு உண்டா என்று ஒருவன் சான்று கேட்டால், கேட்டவன்தான் நாண வேண்டும். நீ ஏன் தலைகுனிகிறாய்?"

ஆண்டுகள் உருண்டன. 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. அப்போது ஆசிரியனாகிவிட்ட நான் சென்னைச் சேப்பாக்கம் அரங்கில் இருந்தேன். பாகிஸ்தானுடன் டெஸ்ட் போட்டியின் நான்காம் நாள். இந்திய அணித் தலைவர் முகமது அசாருதீன். வெற்றிக்கு 271 ஓட்டங்கள் தேவை. முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டு சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் குவித்தார். சக்லைன் முஷ்டாக்கின் பந்தில் அவர் வீழ்ந்தபோது எஞ்சியவை 17 ஓட்டங்களே. ஆனால் மேலும் நான்கு ஓட்டங்கள் சேர்வதற்குள் எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் சரிந்தன. 12 ஓட்டங்களில் தோல்வி!

அரங்கம் உறைந்து போயிற்று. சிறிது நேரத்தில் பாகிஸ்தான் அணியினர் மைதானத்தைச் சுற்றி வரத் தொடங்கினர். அப்போதுதான் அந்த அதிசயம் நிகழ்ந்தது. மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்! என் அருகில் திருநீறு பூசிய பெரியவர் ஒருவர், கண்கள் கலங்கியிருக்க, ஓயாமல் கைதட்டிக்கொண்டிருந்தார்.

என் கைகள் மட்டும் எழவில்லை. "நான் கைதட்டினால் என்ன நினைப்பார்கள்?" என்ற அச்சம். அந்தப் பெரியவரின் நாட்டுப்பற்றை எவரும் ஐயுறார். ஆகவே அவர் தம் விருப்பம்போல் கைதட்டினார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய தேநீர்க் கடைச் சிரிப்பு என் கைகளைப் பிணித்திருந்தது. பெரியவர் என் பக்கம் திரும்பி, "நன்றாக ஆடினார்கள், இல்லையா?" என்றார். அவர் என் பெயரைக் கேட்கவில்லை. நானும் கைதட்டினேன்.

ஊர் திரும்பி நடந்ததைக் கூறியபோது அத்தா சொன்னார்: "கைதட்டியது சரி. அதற்கு முன் தயங்கினாயே, அதை மறந்துவிடாதே. உன்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் வரக்கூடாது." அடுத்த வாரம் டெல்லியில் அனில் கும்ப்ளே ஒரே இன்னிங்சில் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்தி இந்தியாவை வெற்றிபெறச் செய்தார். அன்று எங்கள் வீட்டில் முதலில் ஆரவாரம் செய்தவரும் அத்தாதான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் ஈட்டியெறிந்து தங்கம் வென்றார். நம் நீரஜ் சோப்ரா வெள்ளி பெற்றார். தங்கம் வென்றவனும் எங்கள் பிள்ளையே என்று நீரஜின் தாயார் கூறியதைக் கேட்டபோது, சேப்பாக்கத்துப் பெரியவர் என் நினைவில் எழுந்தார்.

மாணவச் செல்வங்களே! நம் நாடு வெல்லும்போது உரக்க ஆரவாரம் செய்யுங்கள். தோற்கும்போது மனமார வருந்துங்கள். எதிரணியினர் திறம்பட ஆடினால் தயங்காது கைதட்டுங்கள். அதனால் நாட்டுப்பற்று குறைந்துவிடாது. உங்கள் அருகில் அமர்ந்திருப்பவர் எவராயினும், "நீ எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவரும் உங்களோடுதான் அமர்ந்திருக்கிறார்.