நாலாவது வால்வு



பொங்கல் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா கையில் என்ன சார் கட்டு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். வழுக்கி விழுந்துவிட்டார் என்று மட்டும் சொல்லிச் சமாளித்தேன். முழுக் கதை இதுதான். கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மார்கழி மாதம், விடியற்காலை மூன்று மணி இருக்கும். "ஏங்க, வெளியில மழையா பெய்யுது?" என்று எழுப்பினாள். மழை இல்லை. ஹாலில் வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கிற கனெக்‌ஷன் பைப் வெடித்து, தண்ணீர் எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் உள்ள ஆங்கிள் காக்கை மூடினால் வேலை முடிந்தது. அது அசையவே இல்லை. துணி சுற்றித் திருகினேன், பிளேயர் வைத்துத் திருகினேன். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

மொட்டை மாடிக்கு ஓடினேன். (71 வயதில் ஓடினேன் என்றால் சிரிப்பீர்கள், உண்மையிலேயே ஓடினேன்.) டேங்கிலிருந்து நாலு குழாய் இறங்குகிறது, நாலுக்கும் ஒவ்வொரு கேட் வால்வு. எது சமையலறைக்கு, எது பாத்ரூமுக்கு, எது ஹாலுக்கு? வீடு கட்டி 22 வருடம் ஆகியும் எனக்குத் தெரியாது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருகினேன். மூன்றை எப்படியோ மூடிவிட்டேன். நாலாவது சுற்றிக்கொண்டே இருந்தது, தண்ணீர் நிற்கவில்லை. ஹாலுக்குப் போவது அதுதான்.

கீழே வந்தால் அவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீரை வாசல் பக்கம் தள்ளப்போனவள் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். அந்த வலியிலும் "மொதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க, பிரிட்ஜ் பக்கம் தண்ணி போகுது" என்கிறாள். மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த ஆங்கிள் காக் இறுகிப்போயிருக்கிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்று தீபாவளிக்கு முன்பே இரண்டு தடவை சொன்னாள். பார்க்கலாம் என்றேன். உயரம், அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் நீரின் அழுத்தம் என்று உங்களையெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றிச் சொல்லவைத்த இயற்பியல் வாத்தியார் நான். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். தலைக்கு மேல் ஒரு டன் தண்ணீரை வைத்துக்கொண்டு, அதன் பூட்டு எங்கே என்று தெரியாமல் தூங்கியிருக்கிறேன்.

மறுநாள் வந்த பிளம்பர் தம்பி நாலாவது வால்வைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு பித்தளைத் தகடு. தலையைத் திருகினால் அது மேலும் கீழும் போய் வழியைத் திறந்து மூட வேண்டும். எங்களுடையது போர் தண்ணீர். உப்பு படிந்து தகடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் பலம் போட்டதில் தண்டு மட்டும் அறுந்து சுற்றியிருக்கிறது. "தொடாம வச்சிருந்தா நல்லா இருக்கும்னு நெனைக்கிறீங்க சார். தொடாததுதான் கெட்டுப்போகும்" என்றார்.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வையும் முழுக்க மூடித் திறங்கள், வாஷ்பேசின் அடியில் இருப்பதையும் சேர்த்து. கேட் வால்வை முழுதாகத் திறந்த பிறகு அரைச் சுற்று பின்னால் திருப்பி விடுங்கள். திறந்த நிலையிலேயே இறுகிப்போகாது. முரண்டு பிடித்தால் பலம் போடாமல், கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆட்டி ஆட்டித் திருகுங்கள். தண்டு ஓரமாகக் கசிந்தால் அதைச் சுற்றியுள்ள நட்டை லேசாக இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். புதிதாகப் போடுவதாக இருந்தால் பால் வால்வு நல்லது. கால் சுற்றுதான். கைப்பிடி குழாயோடு சேர்ந்து நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் வெயிலில் கிடக்கிற பிளாஸ்டிக் கைப்பிடி நாளடைவில் நொறுங்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மூடுகிற நாளில் கீசரையும் அணைத்துவிடுங்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை மொட்டை மாடிக்குப் போங்கள். அவர்கள் கையாலேயே திருகச் சொல்லிப் பாருங்கள். அவர்களால் முடியவில்லை என்றால் அந்த வால்வு இருந்தும் இல்லாததுதான். என் அக்கா வீட்டில் போன வாரம் பார்த்தோம். மூன்றில் இரண்டு அசையவில்லை.

எங்கள் வீட்டில் நாலையும் மாற்றியாயிற்று. கட்டு பிரித்த மறுநாள் அவளே மாடிக்கு வந்து, எது எந்தக் குழாய் என்று ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, பக்கத்துச் சுவரில் பெயின்ட்டில் எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணல்தான், கை இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. கால் லிட்டர் பச்சை பெயின்ட் டப்பாவில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷும் தருகிறேன்.