உச்சிக்குடும்பன் குளிக்க வருகிறான்

மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது. மத்தியானத்திலிருந்தே குளிக்கத் தடை. தலை நிறைய எண்ணெயோடு போய், போலீஸ் விசிலுக்குப் பயந்து திரும்பிய கூட்டத்தில் பாதி இப்போது குற்றாலம் கலைவாணர் அரங்கத்தில். சாரல் விழா. தோள்களில் நனையாத துண்டுகள். பிள்ளைகள் மடியில் ரம்புட்டான் பை.

மேடையில் கறுப்புத் துணி சுற்றிய சின்னக் கூடாரம். முன்னால் வெள்ளைத் திரை, அதன் பின்னே ஒரு விளக்கு. தோல்பாவைக்கூத்து. நெல்லை, குமரிப் பக்கத்தில் இராமாயணமே ஆடினாலும் கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வராமல் ஆட்டம் நிறையாது.

வந்துவிட்டார்கள். இன்று குளிக்க வந்திருக்கிறார்கள். பேச்சில்லை. உளுவத்தலையன் ஒரு காலை நீட்டுகிறான், எடுக்கிறான். மறுபடி நீட்டுகிறான். உச்சிக்குடும்பன் பின்னாலிருந்து தள்ளப் பார்க்க, அவன் விலக, இவன் போய் விழுகிறான். எழுந்தவன் குடுமியிலிருந்து கால்வரை நடுங்குகிறான். ஆட்டுத்தோலுக்குக் குளிர் அடிக்கிறது! முன்வரிசைத் தாத்தா ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்.

நான் நிற்கும் ஓரத்திலிருந்து திரைக்குப் பின்புறமும் தெரிகிறது. சம்மணமிட்டு உட்கார்ந்த ஒற்றை ஆள். இரண்டு கைகளிலும் இரண்டு கோமாளிகள். வெளியே சாரல் அடிக்க, இவர் பனியன் வேர்வையில் ஒட்டிக் கிடக்கிறது. பக்கத்து அம்மா, கேட்காமலே அடுத்த பாவையை எடுத்து நீட்டுகிறார். பாவை நடுங்கும்போது ஆட்டுபவர் உதடும் நடுங்குகிறது. அது திரையில் விழாது, யாரும் பார்க்கப்போவதுமில்லை. ஆனாலும் நடுங்குகிறது. முன்னால் எழும் அத்தனை சிரிப்பும் அந்த முகத்தில்தான் பிறக்கிறது என்று எனக்குப் படுகிறது.

திடீரென்று அவர் வாயிலிருந்து விசில். இரண்டு பாவைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடுகின்றன. அரங்கம் அதிர்கிறது. மத்தியானம் அப்படி ஓடியவர்கள்தானே எல்லோரும்! ஏமாற்றத்தோடு வந்தவர்களை அவர்களுடைய ஏமாற்றத்தை வைத்தே சிரிக்க வைக்க எவ்வளவு பெரிய கை வேண்டும்! 1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் இதுதான் கலை. அவர் பெயருள்ள இடத்தில் இந்தச் சிரிப்பைக் கேட்பது நிறைவாக இருக்கிறது.

ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் பத்து இரவு இராமாயணம் ஆடிய கூத்து இது. இங்கே ஒரு நிகழ்ச்சிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கிறது. தென்காசிக் கோயில் வாசலில் ஒரு முழு இரவாவது இவருக்குத் தரவேண்டும். நான் விடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.

விளக்கு அணைகிறது. மைக்கில் அடுத்துக் கரகாட்டம் என்கிறார்கள். "அவன் இன்னும் குளிக்கலையே!" என்று ஒரு சிறுமி கத்துகிறாள். நாலைந்து பிள்ளைகள் சேர்ந்துகொள்கிறார்கள். மைக் நிற்கிறது. விளக்கு மறுபடி எரிகிறது. உளுவத்தலையன் ஓடிவந்து, ஒரு குடம் தண்ணீரை உச்சிக்குடும்பன் தலையில் கவிழ்க்கிறான்.