அமிர்திச் சாலையில் ஒரு பைண்டிங் வீடு

பழைய தோல் அட்டை ஆல்பத்தைத் தொட்டால் விரலில் செம்பழுப்புத் தூள் ஒட்டிக்கொள்ளும். சட்டையில் பட்டால் சுலபத்தில் போகாது. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில், பைண்டர் பாய் வீட்டுத் திண்ணையில் விரித்திருந்த வெள்ளை வேட்டி முழுக்க அந்தத் தூள் கிடந்தது. வேட்டியின் நடுவில் மூன்று புத்தகங்கள். முதலாவது, ஒரு தோல் வியாபாரி குடும்பத்தின் கறுப்புத் தாள் ஆல்பம். இரண்டாவது, யாரோ ஒருவர் பழைய கணக்குப் பேரேட்டில் செய்தித்தாள் நறுக்குகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும் தீப்பெட்டிப் படங்களையும் ஒட்டி வைத்தது. மூன்றாவது, தோல் பதனிடும் ஏதோ ஒரு டேனரியின் மாதிரிப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் உள்ளங்கை அளவுத் தோல் துண்டுகள், அருகில் மசியில் எழுதிய குறிப்புகள்.

இவற்றை வாங்கி வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘வாத்தியார் சார்’. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்துப் பழைய பேப்பர் கடைகளில் இவருக்காகவே மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கிறார். பிரிப்பதுதான் ஆபத்து என்று அவர் சொன்ன பிறகே எனக்கு இந்த வியாபாரத்தின் கணக்கு புரிந்தது. ஒரு வீட்டைக் காலி செய்யும்போது சட்டம் போட்ட படங்களில் தேக்குச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும்தான் விலை. படம் குப்பைக்குப் போகிறது. பிளாஸ்டிக் பூச்சுள்ள கலர் பிரிண்டைக் காகித ஆலை ஏற்காது என்பதால் ஆல்பத்திலிருந்து அதைக் கிழித்துத் தனியே வீசுகிறார்கள். கண்ணாடி நெகட்டிவாக இருந்தால் மருந்தைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடியாக விற்றுவிடுவார்கள்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, பழம்பொருள் பிரியர்கள் செய்யும் இன்னொரு வகைப் பிரிப்பு. தலைப்பாகையோடு நிற்கும் ஒரு பெரியவர், நகை பூட்டிய ஒரு மணப்பெண் என்று அழகான நாலு படங்களை மட்டும் உருவிக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். உணவகச் சுவரில் மாட்ட அது போதும். ஆனால் உருவியதும் அந்தப் பெரியவர் யாரோ ஒருவர் ஆகிவிடுகிறார். ஆல்பத்தில் அவருக்கு முன்னும் பின்னும் ஆட்கள் இருந்தார்கள், ஊர் இருந்தது, தொழில் இருந்தது. ஆல்பம் என்பது அடுத்தடுத்து வைத்த வரிசை. அந்த வரிசையைக் குலைப்பவரைச் சேகரிப்பாளர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வாத்தியார் சார் எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுப் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்கிறார். ஒட்டிய இடம், விழுந்துபோன படத்தின் காலி இடம், பசைக் கறை எல்லாம் அதில் வரவேண்டும். பிறகு பின்பக்க முத்திரைகளைப் படிக்கிறார். ஸ்டுடியோ முத்திரையில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருந்தால், அந்த மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிவதற்கு முந்தையது என்று ஓரளவு சொல்லலாம். ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்றிருந்தால் 1969-க்கு முன்னால் போகலாம். பேரேட்டில் ஒட்டிய ஒரு படத்தில் வேலூர்க் கோட்டைக்குள் பெருங்கூட்டம். அதன் கீழே ஒட்டியிருந்த நறுக்கு விஷயத்தைச் சொன்னது. பல நூற்றாண்டுகள் மூலவர் இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த செய்தி. படத்தை மட்டும் உருவியிருந்தால் வெறும் கூட்டம்தான் மிஞ்சியிருக்கும்.

இனி அந்தச் செந்தூள். அது வேறெங்கிருந்தோ வந்த நோய் அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி வளர்ந்த தோல் தொழிலின் பழைய முறையிலேயே அதன் வேர் இருக்கிறது. குரோம் உப்பு வருவதற்கு முன்பு இங்கே ஆவாரம் பட்டையில்தான் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பதமாயின. கடைசியில் கடுக்காய்ச் சாறு. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் மதராஸ் துறைமுகம் வழியாக அது லண்டன் போனது. முதல் உலகப்போரின்போது ராணுவ பூட்ஸுக்காக அரசே அதை மொத்தமாக வாங்கியது. ஆவாரை போதாமல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. பூட்ஸுக்கும் சேணத்துக்கும் அருமையான தோல். புத்தக அட்டைக்கு மட்டும் ஆகாது.

இது வெள்ளைக்காரர்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. லண்டன் நூலகங்களில் தோல் அட்டைகள் பொடியாவதை 1840களிலேயே மைக்கேல் ஃபாரடே கவனித்து, விளக்கெரிக்கும் வாயுவின் புகைமேல் சந்தேகப்பட்டார். 1900-ல் லண்டன் கலைக் கழகம் ஒரு குழுவை அமைத்து அட்டைத் தோல்களைச் சோதித்தது. ஆவாரை, வாட்டில் போன்ற பட்டைகளில் பதமான தோல்கள் காற்றிலுள்ள கந்தக அமிலத்தை உறிஞ்சிச் சீக்கிரம் உதிர்கின்றன, சுமாக் இலையில் பதமானவை நெடுநாள் தாங்குகின்றன என்பது அதன் முடிவு. கடுக்காயின் துவர்ப்பும் சுமாக்கின் வகையைச் சேர்ந்ததுதான். நம் ஊர்ப் பணக்கார வீடுகளின் ஆல்பங்களும் பேரேடுகளும் பெரும்பாலும் ஆவாரைத் தோலில்தான் கட்டப்பட்டன. அவைதான் இன்று உதிர்கின்றன.

பாய்க்கு இந்த அறிக்கையெல்லாம் தெரியாது. ஆனால் தோல் தெரியும். இளவயதில் ஆம்பூர் டேனரிகளுக்குப் பேரேடு கட்டியவர். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டு, தொழில் முழுப்பதத் தோலுக்கும் ஷூவுக்கும் மாறியபோது ஆவாரைக் குழிகள் குறைந்துபோயின. பிறகு கம்ப்யூட்டர் வந்து பேரேடும் போனது. கல்லூரி புராஜெக்ட் புத்தகங்களுக்கு ரெக்சின் அட்டை போட்டுக் காலம் தள்ளினார். இப்போது வாத்தியார் சாரின் வேலைதான் அவருக்குப் பிடித்தது.

புதுத் தோலைத் தேர்ந்தெடுக்க அவர் வைத்திருக்கும் சோதனையைக் கண்ணால் பார்த்தேன். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறப்போட்ட ஒரு பாட்டில். தோலின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விடுகிறார். பச்சை ஓடிய கறுப்பு வந்தால் ஆவாரை வகை. நீலம் ஓடிய கறுப்பு வந்தால் கடுக்காய் வகை. இரண்டும் கலந்த தோலில் இது குழப்பும் என்பதையும் அவரே சொன்னார். இரும்பும் துவர்ப்பும் சேரும் வேதியியலை ஒரு வினிகர் பாட்டிலில் வைத்திருக்கிறார் மனிதர்.

பழைய அட்டையின் மேல் தண்ணீர்ப் பசை படவே கூடாது என்பது அவருடைய முதல் கட்டளை.

“தண்ணி பட்டா கருத்துப் பூடும் சார். அப்புறம் காய்ஞ்ச பிறகு ஓடு மாதிரி ஒடையும்.”

மூக்கில் துணி கட்டிக்கொண்டு மென்மையான தூரிகையால் தூளை நீக்குகிறார். ஹைட்ராக்சி புரோப்பைல் செல்லுலோஸ் என்ற பொடியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, மெல்லியதாக ஒரு பூச்சு. வாத்தியார் சார் சென்னையிலிருந்து வாங்கித்தரும் சரக்கு அது. உதிர்ந்த பகுதி மறுபடி வலுப்பெறாது, உதிர்வது மட்டும் நிற்கும். பூச்சு காய்ந்த பிறகு பிளந்துபோன முதுகுத் தோலைக் கத்தியால் மெல்லத் தூக்கி, அதன் அடியில் புதுத் தோலைச் செருகி, பழைய தோலை மறுபடி மேலே படியவைக்கிறார். பார்ப்பவருக்குப் பழைய முதுகுதான் தெரியும். தாங்குவது புதுசு. பழசைப் பிய்த்தெறிந்துவிட்டுப் பளபளவென்று ரெக்சின் போடுவது இதைவிட எத்தனையோ மடங்கு சுலபம். பல இடங்களில் அதைத்தான் செய்கிறார்கள்.

செருகும் தோலின் ஓரம் தாள் கனத்துக்கு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் மேடு தட்டும். அந்த வேலை பாயுடையது அல்ல, மருமகளுடையது. அவர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஸ்கைவிங் மெஷினில் உட்கார்ந்தவர். விடியுமுன் கம்பெனி பஸ், நாள் முழுக்க ஷூவின் மேல்பாகத் தோலின் ஓரத்தைச் சீவித் தள்ளுவது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டவர் இப்போது கையில் கத்தி வைத்துச் சீவுகிறார். “மெஷின்ல கனம் செட் பண்ணிட்டா அது பாத்துக்கும். இதுல விரல்தான் சொல்லணும்” என்றார். சீவிய துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மாமனார் வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார். “இன்னும் கொஞ்சம், மாமா” என்று திரும்ப வாங்கிக்கொண்டார். வெளிநாட்டு வீதிகளில் நடக்கும் எத்தனையோ ஷூக்களில் இருக்கும் திறமை இது. பெயரில்லாமல் போகும் அந்தத் திறமைக்கு இந்தத் திண்ணையில் கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது.

பசையில் இரண்டு பாத்திரங்கள். ஒன்று நம் பைண்டர்கள் வழக்கமாகக் காய்ச்சும் மைதாப் பசை, பூச்சிக்காக மயில்துத்தம் போட்டது. அதை அட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார், படங்களின் அருகில் கொண்டுபோவதில்லை. படத் தாளுக்கு, மைதாவைப் பிசைந்து தண்ணீரில் அலசிப் பசையத்தை நீக்கி, அடியில் தங்கும் ஸ்டார்ச்சை மட்டும் காய்ச்சியது. பின்னாளில் யாராவது பிரிக்க நினைத்தால் ஈரம் காட்டிப் பிரிக்கலாம். திரும்ப எடுக்க முடியாத எதையும் படத்துக்குச் செய்யக் கூடாது என்பது இந்த வேலையின் உயிர்நாடி. அதனால்தான் லேமினேஷன் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. தாத்தா படம் கெடக் கூடாது என்று அன்போடு கொண்டுபோய்ச் சூட்டில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது. 1970, 80களில் வந்த ஒட்டும் பக்க ஆல்பங்களும் அப்படித்தான், பசை மஞ்சளாகிப் படத்தைக் கடித்துக்கொள்கிறது. பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு அறுப்பதுபோல் இழுத்து, மருமகள் அவற்றை மீட்கிறார். பி.வி.சி. உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை நல்லது. பின்பக்கம் பேனாவால் எழுதக் கூடாது, மென்மையான பென்சில் போதும். இவ்வளவு எந்த வீட்டிலும் முடியும்.

சேகரிப்பு என்றால் எனக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாதான் நினைவுக்கு வருவார். நூல்களோடு நின்றுவிடாமல் நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்து வைத்தவர். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994 முதல் அது சென்னையில் நூலகமாக இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப்போய் ஆயிரக்கணக்கான படங்களை எண்ணிமமாக்கியது. நல்ல காரியங்கள். ஆனால் வேலூருக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. டாக்டர் ஐடா ஸ்கடரின் தாள்கள் ஹார்வர்டின் ஷிலெசிங்கர் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவர் வைத்தியம் பார்த்த ஊர்க்காரர்களின் ஆல்பங்கள் கிலோ கணக்கில் போகின்றன. 1985-ல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது பழம்புத்தகக் கடைகளோடு எத்தனை குடும்பப் படங்கள் போயினவோ. நெருப்புக்கு ஒரு நாள் தேவைப்பட்டது. பழைய பேப்பர் கடைக்கு அப்படி நாள் குறிப்பில்லை, தினமும் நடக்கிறது.

மதியத்துக்குப் பிறகு தோல் வியாபாரியின் ஆல்பப் பக்கங்களை அச்செடுத்து எடுத்துக்கொண்டு அமிர்திக்குப் போனோம். அங்கே ஜவ்வாதுமலை அடிவாரக் காட்டில் 1967-ல் தொடங்கிய சிறு விலங்கியல் பூங்கா இருக்கிறது. வேலூர்ப் பள்ளிக்கூடங்களின் சுற்றுலா என்றால் அமிர்திதான். ஆல்பத்தில் ஒரு படம்: மரத்தடியில் வேட்டி கட்டிய ஆண்கள், தலையில் சுமையோடு பெண்கள், பின்னால் ஓடைக் கற்கள். வாத்தியார் சார் அச்சுப் பிரதியின் ஓரத்தில் ‘அமிர்தி, சுற்றுலா?’ என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மலை ஊர் ஒன்றிலிருந்து இறங்கி, மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு பாட்டியிடம் படத்தைக் காட்டினோம். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இது பார்க்கு இல்லப்பா. கடுக்கா எடை போட்ட எடம். இந்தக் கல்லு மேலதான் தராசு கட்டுவாங்க. நான் சின்னப் புள்ளையில எங்க அம்மாகூட மூட்ட எறக்கிருக்கேன்.”

தை, மாசியில் கடுக்காய் பொறுக்கியது, நல்ல காயைத் தனியே பிரித்தது, சாமைக்கும் உப்புக்கும் அந்தக் காசுதான் என்று வெகுநேரம் பேசினார். அப்போதுதான் ஆல்பத்தின் வரிசை துலங்கியது. இந்தப் படத்துக்கு அடுத்த பக்கத்தில் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி. அதற்கும் அடுத்த பக்கத்தில் டேனரிக் குழிகளின் ஓரத்தில் நிற்கும் தொழிலாளர்கள். வியாபாரி தன் சரக்கு வந்த வழியையே ஒட்டி வைத்திருக்கிறார். மலையிலிருந்து கடுக்காயைச் சுமந்து இறக்கிய பெண்கள் அதில் முதல் படம்.

வாத்தியார் சார் ‘சுற்றுலா’ என்பதை அழிக்கவில்லை. அதன் கீழே பாட்டி சொன்னதை அவர் வார்த்தைகளிலேயே எழுதித் தேதி போட்டார். ஒரு பிரதியைப் பாட்டியிடமே கொடுத்தார்.

திரும்பும் வழியில் பாய் வீட்டில் மறுபடி இறங்கினோம். மாதிரிப் புத்தகத்தைத்தான் இன்னும் யாரும் தொடவில்லை. ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு பதம், ஒன்றின் அமிலம் பக்கத்துத் தாளைத் தின்கிறது. துண்டுகளைப் பிரித்தெடுத்தால் குறிப்புகளோடு உள்ள தொடர்பு போய்விடும், பிரிக்காவிட்டால் தாள் போய்விடும். இடையில் மெல்லிய தாள் செருகி வைக்கலாம் என்கிறார் பாய். முதலில் ஒவ்வொரு துண்டிலும் எந்தப் பட்டை என்று தெரிய வேண்டும், ஆனால் அதன் மேல் ஆணித் தண்ணீரை விட அவருக்கு மனமில்லை. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை வாத்தியார் சார் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.