ஆத்தங்குடி: தரை வார்க்கும் ஊர்

காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். 1985இல் சிவகங்கை தனி மாவட்டமாகும் வரை ராமநாதபுரத்தோடு இருந்தோம். நிர்வாக வரலாறு என்று சொல்ல இதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. செம்மண், கருவேலங்காடு, கண்மாய், ஊருணி, ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் நகரத்தார் வீடுகள். செட்டிநாட்டு ஊர் எதற்கும் பொருந்தும் விவரம்தான் இது. ஆத்தங்குடியை மற்ற ஊர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது காலுக்கடியில் கிடக்கும் கல்.

வெளியூர்க்காரர்கள் ஆத்தங்குடி டைல்ஸ் என்பார்கள். எங்களுக்கு அது பூக்கல். பெங்களூரில் புதுவீடு கட்டுகிறவர்களும் கேரளத்தில் விடுதி கட்டுகிறவர்களும் தேடி வந்து வாங்கிப்போகிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய தரையில் நடக்கும் பலருக்கு அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது.

பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்து பொருள் சேர்த்த நகரத்தார் செட்டியார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து இங்கே பெரிய பெரிய வீடுகளாகக் கட்டினார்கள். தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல், ஜப்பானிலிருந்து சுவரில் பதிக்கும் பளபளப்பான பூ ஓடுகள், இங்கிலாந்திலிருந்து தரை ஓடுகள். இத்தனையும் கடல் கடந்து வந்த காலத்திலேயே, வீட்டின் பெரும்பகுதித் தரைக்கு உள்ளூர்க் கைகள் செய்த கல்லே போதும் என்ற நிலையை இந்த ஊர் உண்டாக்கியது. முகப்பில் சலவைக்கல் இருக்கும். ஆட்கள் புழங்கும் உள்பகுதிகளான வளவிலும் பட்டாலையிலும் ஆத்தங்குடிக் கல் இருக்கும். இங்குள்ள பெரிய வீட்டுக்குள் கட்டணம் கட்டிப் போகிறவர்கள் அண்ணாந்து மரக்கூரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

ஆத்தங்குடிக் கல் வண்ண சிமெண்டால் ஆனது. வண்ண சிமெண்ட் கல் என்பது உலகத்துக்குப் புதிதல்ல. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிப் பல நாடுகளுக்குப் பரவிய தொழில் அது. மும்பையில் 1922இல் சுதேசி உணர்வோடு தொடங்கப்பட்ட பாரத் நிறுவனமும் அந்த வகைக் கல்லைத்தான் செய்தது. அங்கெல்லாம் அச்சில் கலவையைப் போட்டு இயந்திரத்தால் அழுத்துவார்கள். ஆத்தங்குடியில் அழுத்தும் இயந்திரம் கிடையாது. சூளையும் கிடையாது. கண்ணாடி, அச்சு, சிமெண்ட், மணல், தண்ணீர், வெயில். இவ்வளவுதான் முதலீடு. மீதி கைப்பழக்கம்.

பட்டறை என்பது பெரும்பாலும் ஓர் ஓட்டுக் கொட்டகை. தரையோடு தரையாக உட்கார்ந்து வேலை நடக்கும். முதலில் ஒரு சதுரக் கண்ணாடியைத் துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வைக்கிறார்கள். அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ அச்சு, அதாவது உலோகத் தகட்டை வளைத்துப் பற்றவைத்த அறைகள். வண்ணம் தயாராக இருக்கும்: சிமெண்டும் சலித்த நைஸ் மணலும் ஆக்சைடு பொடியும் சேர்த்து, தோசை மாவை விடத் தளர்வாகக் கரைத்தது. சிறு கரண்டியால் சிவப்பை ஓர் அறையில், மஞ்சளை இன்னொன்றில், பச்சையை மற்றொன்றில் ஊற்றுகிறார்கள். பிறகுதான் உயிரான இடம். அச்சை நேராக, கை நடுங்காமல், ஒரே மூச்சில் மேலே தூக்க வேண்டும். சாய்ந்தால் வண்ணங்கள் கலந்துவிடும். சரியாகத் தூக்கினால் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டபடி நிற்கும், கலக்காது.

உடனே அதன்மேல் உலர்ந்த சிமெண்ட் மணல் தூவுகிறார்கள். வண்ணத்தில் மிஞ்சிய ஈரத்தை அந்தத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் ஈரக் கலவை; கரணையால் அழுத்தி மட்டம் பார்த்து, சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு ஒதுக்கி வைக்கிறார்கள். ஒரு நாள் இறுகிய பின் தண்ணீர்த் தொட்டிக்குள் போகிறது. சில நாள் ஊறி, வெளியே வந்து காயும்போது கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கும். கண்ணாடி ஒட்டியிருந்த பக்கம்தான் முகம். மெருகு எதுவும் போடாமலே அதில் ஒரு மினுக்கம் இருக்கும். "கண்ணாடி எப்படியோ கல்லும் அப்படித்தான் தம்பி, கண்ணாடியில கீறல் இருந்தா கல்லுல வரும்" என்று பட்டறைப் பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னார். அவர் கீறல் விழுந்த கண்ணாடியைத் தனியே ஒதுக்கிவிடுவார், அதில் கல் போடமாட்டார்.

அச்சில்லாமல் வெறுங்கையால் போடும் பூக்கள் உண்டு. ஈரமான வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணத்தை மணிக்கட்டைச் சுழற்றி விட்டுவிட்டு எடுப்பார்கள், இதழ் விழும். வண்ணம் இறுகுவதற்குள் முடிக்க வேண்டும், திருத்த நேரமில்லை. ஒரு பூவைப் போல இன்னொரு பூ வராது. அந்தக் கை இப்போது சிலரிடம்தான் இருக்கிறது.

இந்தக் கல்லை வாங்க வருகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். கடையில் அடுக்கியிருக்கும் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். கல்லைத் திருப்பி ஓரத்தைப் பாருங்கள். மேலே வண்ணப் படலம் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது ஒரே சீராக ஓடவேண்டும். கல்லைத் தொங்கவிட்டுத் தட்டினால் மணி போல் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்றால் சரியாகத் தண்ணீரில் ஊறாத கல். எத்தனை நாள் தொட்டியில் கிடந்தது என்று கேளுங்கள். அவசரப்பட்டு எடுத்த கல் போட்ட பின்பு பொரியும். கைவேலை என்பதால் ஒரு நாள் சிவப்பும் மறுநாள் சிவப்பும் கொஞ்சம் மாறும். அதைக் குறை என்று நினைக்கிறவர்கள் இந்தக் கல்லை வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கினால், எல்லா அடுக்குகளிலிருந்தும் கலந்து எடுத்துப் பதிக்கச் சொல்லுங்கள், நிறமாற்றம் கண்ணை உறுத்தாது. நூற்றுக்குப் பத்துக் கல் கூடுதலாக வாங்கி மாடியிலோ பரணிலோ போட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு கல் உடைந்தால் அதே அச்சு பட்டறையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பதிப்பதில்தான் பெரும்பாலான கற்கள் பாழாகின்றன. வெள்ளையடிப்பு, வயரிங், குழாய் வேலை எல்லாம் முடிந்த பின்புதான் இந்தக் கல்லைத் தொட வேண்டும். கல் பாவும் கொத்தனாருக்குப் பழக்கம் இருக்க வேண்டும். பீங்கான் ஓடு ஒட்டிப் பழகியவர் பசையைத் தேடுவார், இடைவெளி விடுவார். இதற்கு சிமெண்ட் மணல் கலவைப் படுகைதான், கல்லோடு கல் ஒட்டினாற்போல் நூல் பிடித்துப் போட வேண்டும். பார்டர் எங்கே திரும்புகிறது, மூலைக்கல் எங்கே வருகிறது என்று காய்ந்த தரையில் ஒருமுறை பரப்பிப் பார்த்துவிட்டே கலவையில் கை வைக்க வேண்டும். தட்டுவதற்கு மரச்சுத்தியல். இடுக்கில் வழியும் சிமெண்டை அன்றைக்கே, அந்த நேரத்திலேயே துடைத்தெடுக்க வேண்டும். மறுநாள் வரை விட்டால் முகத்தில் படலமாக ஏறிவிடும், அப்புறம் யாராவது ஆசிட் பாட்டிலைத் தூக்குவார்கள். இந்தக் கல்லின் உடம்பு முழுக்க சிமெண்ட். ஆசிட் பட்டால் மேல்முகம் கரைந்து போகும், திரும்ப வராது. அடியில் ஈரம் ஏறும் தரையென்றால் உப்புப் பூக்கும். பாலிதீனைப் போட்டு மூடி வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் திட்டுத் திட்டாகக் கறை பிடிக்கும்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவுமில்லை. தினமும் பெருக்கி, வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். புதுத்தரைக்குச் சில வாரம் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தேய்ப்பார்கள், உமி போட்டுத் தேய்ப்பதும் உண்டு. எலுமிச்சை, புளி, வினிகர் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். அடுப்படியில் இந்தக் கல்லைப் போடுகிறவர்கள் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். மெருகு இயந்திரத்தை மட்டும் ஓடவிடாதீர்கள், வண்ணப் படலத்தைத் தின்றுவிடும். மற்றபடி இந்தத் தரைக்கு மெருகு ஏற்றுவது மனிதக் கால்கள். எங்கள் ஆயா வீட்டு வளவில் சுற்றுக்கட்டு ஓரமாக எல்லோரும் நடக்கும் தடம் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும். ஆள் போகாத மூலை மங்கலாக இருக்கும். செருப்போடு உள்ளே வர ஆயா யாரையும் விட்டதில்லை. நடுவீட்டுக் கோலத்துக்கு அரிசி மாவு மட்டும்தான், பெயிண்ட் கிடையாது.

இன்றைய நிலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்காளிகள், சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். ஓடு மாற்ற ஆளில்லாமல் மழை இறங்கி, கடைசியில் இடிக்க முடிவாகிறது. இடிக்கும்போது தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் விலை உண்டு, அவை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும். தரைக்கு விலையில்லை. எண்பது வருடம் நடந்து நடந்து மின்னிய தரை கடப்பாரையால் பெயர்க்கப்பட்டு, செங்கல் இடிபாட்டோடு லாரியில் ஏறிப் பள்ளம் நிரப்பப் போகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியது எந்தக் கடப்பாரையையும் தடுக்கவில்லை.

இன்னொரு பக்கம், ஆத்தங்குடி டிசைன் என்ற பெயரில் பூவை அச்சடித்த பீங்கான் ஓடுகள் எல்லா ஊர்க் கடைகளிலும் குவிந்திருக்கின்றன. எங்கள் பூ, எங்கள் பெயர், ஆனால் எங்கள் ஊர்க் கை ஒன்றுகூட அதைத் தொட்டதில்லை. படம் அச்சடித்த ஓடு விலை குறைவு, சீக்கிரம் கிடைக்கும், ஆசிட் ஊற்றினாலும் தாங்கும். வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அதற்கு எங்கள் ஊர்ப் பெயரை வைத்து விற்பது நியாயமில்லை என்று சொல்கிறேன்.

வேலை செய்கிறவர்கள் கையைப் பாருங்கள். நாள் முழுக்க ஈர சிமெண்டில் கிடந்து விரலிடுக்குகள் வெடித்து, தோல் உரிந்திருக்கும். கையுறை போட்டால் அச்சைத் தூக்கும் பிடி வராது என்கிறார்கள். முன்பு வாரிகளில் கிடைத்த நல்ல மணலுக்கு இப்போது அலைய வேண்டியிருக்கிறது. இந்த வேலை தெரிந்தவரின் பிள்ளை திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறான், போகாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? பட்டறைக்கு வருகிறவர்கள் அச்சைத் தூக்கும் அந்த நொடியைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். லட்சம் பேர் பார்க்கிறார்கள். தூக்கியவர் பெயரை ஒருவரும் கேட்பதில்லை. பெரிய ஊர்க் காட்சிக்கூடத்தில் சதுர அடிக்குச் சொல்லும் விலையையும் அதில் அவர் கைக்கு வரும் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கசக்கும்.

கல் வேண்டுமென்றால் ஊருக்கு நேரில் வாருங்கள். பட்டறையிலேயே நின்று பார்த்து, செய்கிறவரிடமே சொல்லி, ஊறிக் காய அவகாசம் கொடுத்து வாங்குங்கள். பூர்வீக வீட்டை இடிக்க முடிவு செய்துவிட்ட பங்காளிகளிடம் ஒரு வேண்டுகோள்: கதவுக்கு விலை பேசும் முன்பு தரையைப் படமெடுங்கள், ஒவ்வொரு பூவிலும் நாலு கல்லைச் சேதமில்லாமல் பெயர்த்தெடுத்து ஆத்தங்குடிப் பட்டறை ஏதாவது ஒன்றில் கொடுத்துவிட்டுப் போங்கள். கல் கையில் இருந்தால் அந்த அச்சை இங்கே மறுபடி செய்துவிட முடியும்.