கச்சேரிக்கு எங்கே உட்காருவது?



நம் உடுமலை மாரியம்மன் தேர்த்திருவிழா வந்தால் திறந்தவெளிக் கச்சேரிக்கு முன்வரிசை பிடிக்கப் பெரிய போட்டி. பெரிய மனிதர்கள் அங்கே உட்காரட்டும், நாம் கொஞ்சம் தள்ளிப் போவோம்.

கணக்கு எளிது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து 5 மீட்டரில் 100 டெசிபல் என்றால் 10 மீட்டரில் 94, 20 மீட்டரில் 88. தொழிற்சாலைகளுக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்று வகுத்த அளவுப்படி 100 டெசிபலைக் காது தாங்குவது 15 நிமிடம். 88 என்றால் 4 மணி நேரம். நம்மூர்க் கச்சேரியோ மூன்று மணி நேரத்துக்குக் குறையாது!

அதுவும் பெரியவர்களுக்கான கணக்கு. ஒருமுறை பாக்ஸை ஒட்டிக் கைக்குழந்தையோடு இருந்த தம்பியிடம் மெதுவாகச் சொன்னேன். "பாப்பா நல்லாத் தூங்குதுங்க சார்" என்றார். கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு ஏது? தூங்கினாலும் அது திறந்தேதான் இருக்கும்.

என் இடம் எப்போதும் மிக்ஸர் போர்டு பக்கம். சவுண்டு சர்வீஸ்காரர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தானே பாட்டையும் தபலாவையும் சரிசெய்கிறார்? அங்கேதான் வார்த்தை தெளிவாக விழும்.

ஆடி மாதக் கச்சேரி என்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் பாருங்கள். மேடைக்குக் கிழக்கே உட்கார்ந்தால் காற்றோடு பாட்டு வரும். மேற்கே உட்கார்ந்தால் தலைக்கு மேலே போய்விடும்.