கடைசி பெஞ்சு

காஞ்சிபுரத்தில் நான் உபாத்தியாயர் தொழிலை மேற்கொண்டு இருபது வருஷமாகிறது. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவனை நெடுநாள் மந்தம் என்றே எண்ணியிருந்தேன். கேள்வி கேட்டால் விழிப்பான். சொல்வதெழுதுதலில் பாதி வார்த்தைகள் விட்டுப்போகும். கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன்.

ஒரு நாள் அவனுடைய இரு காதுகளிலும் பஞ்சைக் கண்டேன். சீழ் வடியத் தொடங்கி ஒரு மாதமாயிற்றாம். தாயார் எண்ணெய் காய்ச்சி விட்டிருக்கிறார். "வீட்டில் நன்றாய்த்தானே கேட்கிறது, ஸார்!" என்றார். தறிச் சத்தத்துக்கு மேல் எல்லோரும் உரக்கப் பேசும் வீடு அது, எப்படித் தெரியும்?

காது வைத்தியர் விளக்கினார். தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாய், படுக்கைவாட்டமாய் இருக்கும். ஆகவே, ஜலதோஷம் பிடித்தால் கிருமி எளிதில் காதுக்கு ஏறிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் சீழ் வடிந்தால் செவிப்பறையில் துவாரம் இருக்கக்கூடும். அதில் எண்ணெய் விடலாகாது, குச்சி நுழைக்கலாகாது. சுத்தமான துணித் திரியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, வைத்தியர் தரும் மருந்தை மட்டுமே இடவேண்டும்.

2013-ல் மத்திய அரசாங்கம் ஆரம்பித்த குழந்தைகள் ஆரோக்கியத் திட்டத்தில், பள்ளிக்கு வரும் வைத்தியக் குழு காதையும் கண்ணையும் சோதிக்கிறது. ஆயினும் தினந்தோறும் பார்ப்பவர்கள் நாமல்லவா? கரும்பலகையைக் கண்சுருக்கிப் பார்க்கும் குழந்தையையும், கூப்பிட்டால் திரும்பாத குழந்தையையும் முதலில் வைத்தியரிடம் காட்டுவோம். கோபித்துக்கொள்வது பிறகு இருக்கட்டும்.

பையன் இப்பொழுது முதல் பெஞ்சில் இருக்கிறான். 'மந்தம்' என்று நான் கையெழுத்திட்ட பழைய மதிப்பெண் அட்டையோ இன்னும் அவன் வீட்டில் இருக்கிறது.